நாலு கால்

வெண்திரை இறங்கப் பதினெட்டு நொடி.
எண்ணியிருக்கிறேன்.
முதலில் முடி போகும். பிறகு நெற்றி, கண்,
விரித்த கைகள் இரண்டும் ஒரே நேரத்தில்.
கணுக்காலுக்குச் சற்று மேலே வந்ததும்
மோட்டார் ஒருமுறை இருமி நிற்கும்.
மிச்சம் பாதங்கள்.

கெமி ஆற்றங்கரையில் எங்கள் ஆலயம்.
போரில் எரிந்த ஊரின் சாம்பல் மேல்
ஆணிக்கும் செங்கலுக்கும் ரேஷன் சீட்டு இருந்த காலத்தில் கட்டியது.
பீடத்துக்குப் பின்சுவர் முழுக்க ஓர் ஆள்.
ஆற்றில் மரக்கட்டை ஓட்டிய ஔலிஸ் என்பவன்தான்
ஓவியர் முன் நாள்கணக்கில் நின்றானாம்.
வலது காலில் அவனுக்குச் சுண்டுவிரல் கிடையாது.
பனி தின்றது என்பார்கள்,
கட்டை நசுக்கியது என்பார்கள்.
இல்லாத விரலை ஓவியர் சேர்த்து வரையவில்லை.
உயிர்த்தெழுந்தவருக்கு ஒன்பது விரல்.
அன்று பாதிச் சபை எழுந்து போனது.

இன்று எவரும் எழுந்து போவதில்லை.
பாட்டின் வரிகள் தெரிந்தால் போதும்.
புத்தக எழுத்து சிறிது,
எல்லோருக்கும் கண்ணாடியை மறந்து வரும் வயது.
கடைசி வரிசைக்குப் பின்னால், பதினொரு வருடமாக,
மடிக்கணினியோடு நான்.
விசுவாசம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை.
சரணம் முடியும் முன்பே தட்டத் தெரியுமா
என்றுதான் கேட்டார்கள்.

பிப்ரவரியில் சபைக்குழு. காப்பி, ஏலக்காய் ரொட்டி.
ராய்லி சொன்னாள்:
என் பிள்ளைகள் மூன்று பேரும் அந்தச் சுவரடியில்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள்,
ஒருவருக்கும் அந்த முகம் தெரியாது.
தைஸ்தோ சொன்னார், காகித ஆலையில் கணக்கு பார்த்தவர்:
திரையைப் பக்கச் சுவருக்கு மாற்ற ஒன்பதாயிரம் யூரோ,
கூரை இன்னும் ஒழுகுகிறது.
போதகர் ஹன்னெலே
சர்க்கரை போடாத காப்பியைக்
கலக்கிக்கொண்டே இருந்தார்.
பிறகு என் பக்கம் திரும்பினார்.
அந்த ஓவியத்தைப் படமெடுத்து
வரிகளுக்குப் பின்னால் போட முடியுமா?

முடியும் என்றேன்.
முடியாது என்பதற்குக் காரணம் ஒன்றும்
அப்போது கைவசம் இல்லை.

ஞாயிறு.
திரை இறங்கி அவரை மறைத்தது.
அவரையே காட்டியது,
கொஞ்சம் நீலம் பாய்ந்து,
ஒரு சாண் இடப்பக்கம் விலகி,
நெஞ்சின் மேல் இரண்டாம் சரணத்தோடு.
தைஸ்தோ திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினார்.
மூன்றாம் வரிசையில் ஒரு குழந்தை
பெஞ்சின் மேல் ஏறி, விரல் நீட்டி, உரக்க எண்ணியது.
திரையில் இரண்டு.
திரைக்குக் கீழே இரண்டு.
அம்மா, இயேசுவுக்கு நாலு கால்!

சிரிப்பு அடங்க ஒரு சரணம் ஆயிற்று.
போதகரும் சிரித்தார்.
தட்ட மறந்து போனேன்;
முடிந்த வரியையே சபை இன்னொரு தரம் பாடியது.

செவ்வாயன்று தனியே வந்தேன்,
கம்பிகளைச் சுருட்டி வைக்க என்று சொல்லிக்கொண்டு.
திரையை ஏற்றினேன். பதினெட்டு நொடி.
இத்தனை பக்கத்தில் அதுவரை போனதில்லை.
மெழுகுவர்த்திப் புகையில் பாதங்கள் அடுப்படிபோல் கறுத்திருந்தன.
கணுக்காலுக்கு மேல் ஒரு கோடு,
அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி.
கோட்டுக்கு மேலே எல்லாம் ஈரம் காயாத நிறம்.
மறைத்த துணிதான் முகத்தைக் காத்திருக்கிறது.

ராய்லியிடம் சொன்னால் அழுவாள்.
தைஸ்தோவிடம் சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வைத்துக்கொள்வார்.

கைப்பையில் காது துடைக்கும் பஞ்சுக்குச்சிகள் இருந்தன.
பழைய ஓவியங்களுக்கு எச்சில்தான் நல்லது என்று எங்கோ படித்திருந்தேன்.
எச்சிலால் ஒருவன் கண்ணைத் திறந்தவர், கோபிக்க மாட்டார்.
விரல் இல்லாத இடத்தை மட்டும் துடைத்தேன்.
காசளவுக்கு ஆற்று மணலின் நிறம் வந்தது.
குச்சி கறுத்தது.

போன ஞாயிறு வெறும் வெள்ளையில் வரிகளைப் போட்டேன்.
குழந்தை ஏறி நின்று எண்ணிப் பார்த்தது.
இரண்டுதானா என்று உட்கார்ந்துவிட்டது.
காசளவு வெளிச்சத்தைப் பற்றி
இதுவரை யாரும் கேட்கவில்லை.
பையில் இன்னும் ஆறு குச்சிகள் இருக்கின்றன.